இரண்டு கையால்

கணவன் கித்தேயின் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, சுருண்ட விரல்களை ஒக்பன் ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தாள். கட்டைவிரலின் அடியிலிருந்து மெல்ல விரிக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் இன்னும் இறுகும். அவள் விட்டதும் விரல்கள் மூடிக்கொண்டன. உள்ளங்கையில் நகம் பதிந்த புண் ஈரமாக இருந்தது.

கோஜே கப்பல் கட்டும் தளத்தில் சாரத்திலிருந்து அவன் தலைகுப்புற விழுந்து, மூளையில் அடிபட்டு இரண்டு வருடமாகிறது. இறுக்கத்துக்கு மாத்திரை கொடுத்தால் நாள் முழுக்கத் தூங்கினான். முன்கையில் போடும் ஊசிதான் கேட்டது. மூன்று மாதம் விரல்கள் தளரும், புண் ஆறும். அந்த ஊசியைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று நஷ்டஈட்டு அலுவலக மருத்துவர் இன்று பார்த்துச் சொல்வார்.

"உள்ள போனா இந்தக் கையத் தூக்காதீங்க. அவரே தொட்டுப் பாக்கட்டும்." என்றாள் ஒக்பன்.

"நான் என்ன கூத்தா கட்டப் போறேன்?"

எதிர் பெஞ்சில், கோட்டுப் பொத்தான்களை முழுக்கப் போட்டு விறைப்பாக அமர்ந்திருந்த கித்தேயின் அண்ணன் மன்சோக் தொண்டையைச் செருமினார்.

"முனகாம இருடா. யாரு எது குடுத்தாலும் ரெண்டு கையால வாங்கு. நம்ம வீட்டு ஆளு ஒத்தக் கைய நீட்டினான்னு ஒரு பேச்சு வரக் கூடாது."

"மாமா, இன்னைக்கு ஒரு நாள்..."

"நீ சும்மா இரும்மா. கைதான் போச்சு, மரியாதையுமா போகணும்?"

பெயரை அழைத்தார்கள். மூவரும் உள்ளே போனார்கள்.

மருத்துவர் நாலு கேள்வி கேட்டார். முழங்கையை ஒரே தடவை மடக்கிப் பார்த்தார். கித்தேயின் நெற்றி வியர்த்தது. பயத்தில் கை நெஞ்சோடு ஏறி ஒட்டியது.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க." மருத்துவர் பேனாவை நீட்டினார்.

கித்தே அண்ணனைப் பார்த்தான். இடது கையால் வலது கையை இழுத்துத் தூக்கி, தலை குனிந்து, இரண்டு கையாலும் வாங்கினான். பேனா விரலிடுக்கில் நுழைந்ததும் முஷ்டி அதன்மேல் மூடிக்கொண்டது.

"அட, நல்லாத்தான் பிடிக்கிறீங்களே!" மருத்துவர் பேனாவை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. "ஆளு பலசாலிதான்!"

"அது பிடியில்லீங்க டாக்டர்... அவருக்கு விட முடியல. இறுக்கம்ங்க அது..." ஒக்பன் குனிந்து விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள்.

"இருக்கட்டும்மா, அவரே வச்சுக்கட்டும்."

மருத்துவர் சட்டைப் பையிலிருந்து வேறொரு பேனாவை எடுத்தார். 'பிடிமானம் நன்று. ஊசி தேவையில்லை' என்று எழுதினார்.