உடன்பிறந்தோர்: இல்லை

இரு நாட்டுப் பதிவு அலுவலகங்களும் கணினி வழியே இணைக்கப்பட்ட நாளிலிருந்து, ஒருவருடைய கோப்பு எல்லை தாண்டிப் போய்ச் சேரும்வரை அந்த ஆள் கண்ணுக்குத் தெரிவதில்லை. சாதாரணமாக இதற்குப் பதினொரு நிமிடம் பிடிக்கும். இங்கே கோப்பை முத்திரையிட்டு அனுப்பியதும், காத்திருப்பு அறையின் பெஞ்சில் இருப்பவர் செருப்போடும் பையோடும் மறைந்துவிடுவார். அக்கரையில் முத்திரையைச் சரிபார்த்து ‘கிடைத்தது’ என்று பதில் வந்ததும் திரும்பத் தெரிவார். முதல் வாரம் கொஞ்சம் கூச்சல் இருந்தது. ‘காலியாகத் தெரியும் இடத்தில் கேட்காமல் உட்கார வேண்டாம்’ என்று ஒரு பலகை மாட்டியதும் எல்லாம் அடங்கிவிட்டது. திரும்புகிறவர்கள் கோப்பில் எழுதியிருந்தபடியே திரும்பினார்கள் என்பதுதான் இன்னொரு சங்கதி. உயரம் இரண்டு அங்குலம் குறைவாகப் பதிவாகியிருந்த நில அளவையாளர் தன் கால்சட்டைகளையெல்லாம் தையல்காரரிடம் கொடுத்து வெட்டிக்கொண்டார். தவறுதலாக இரண்டு முறை அனுப்பப்பட்ட ரொட்டிக்கடைக்காரர் இருவராக வந்தார். இப்போது ஒருவர் காலையிலும் மற்றவர் மாலையிலும் கடையைப் பார்த்துக்கொள்கிறார்கள், அவர் மனைவிக்குத்தான் சிரமம்.

இதனால் முத்திரைப் பிரிவின் எழுத்தர், ஒவ்வொரு கோப்பையும் திரையில் அளவுகோல் வைத்து வரிவரியாகப் படித்த பிறகே அனுப்புவாள். பதினாறு வருடத்தில் அவள் கையால் ஒரு பிசகும் நேர்ந்ததில்லை. அவளுடைய தங்கைக்கு அக்கரையில் நர்ஸ் வேலை கிடைத்தபோது மட்டும், நம் வீட்டுப் பிள்ளையைப் பற்றி நமக்குத் தெரியாததா என்ற நினைப்பில் படிக்காமலே முத்திரையிட்டாள். அக்காவிடம் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்ட நீல ஸ்வெட்டரோடு பெஞ்சில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த தங்கை மறைந்தாள். பதினொரு நிமிடம் சும்மா இருப்பானேன் என்று எழுத்தர் அப்போதுதான் கோப்பைப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில் ‘உடன்பிறந்தோர்: இல்லை’ என்றிருந்தது. முன்பு ஒப்பந்தத்தில் தட்டச்சு செய்தவர்கள், வெற்றாக இருந்த கட்டங்களிலெல்லாம் ‘இல்லை’ என்று நிரப்பிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். பெற்றோர் போன பிறகு ஒன்பது வயதிலிருந்து தான் தூக்கி வளர்த்தவள், இன்னும் சில நிமிடங்களில் அக்கா இல்லாதவளாகத் திரும்பி வருவாள். எழுத்தரின் பயந்த கை என்ன செய்யுமோ அதைச் செய்தது. ‘இல்லை’யை அழித்துவிட்டு ‘மூத்த சகோதரி ஒருவர்’ என்று அடித்தாள்.

பதில் வரவில்லை. அக்கரை இயந்திரம் கோப்பைத் திறக்குமுன் இங்குள்ள பதிவேட்டை ஒருமுறை தொட்டுப் பார்க்கும். அனுப்பிய நொடியில் இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தாலும் திறக்காது. யாரும் நடுவழியில் கை வைக்கக் கூடாதென்று இரண்டு அரசாங்கங்களும் சேர்ந்து வைத்த பூட்டு அது. மறுபடி அனுப்பலாமென்றால் ரொட்டிக்கடைக்காரர் கதையாகிவிடும். ரத்து செய்யும் கூட்டுக்குழுவோ இன்னும் நாற்பது நாள் கழித்துத்தான் கூடும். எழுத்தர் தங்கையின் கண்ணுக்குத் தெரியாத கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். கை சூடாகத்தான் இருந்தது. மறுநாள் காலை தங்கையை எடை இயந்திரத்தில் நிற்கச் சொன்னாள். ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவள் நாற்பத்தேழு காட்டினாள். ஐந்தாம் நாள் முப்பத்திரண்டு. குரலும் ஒவ்வொரு நாளும் ஓர் அறை தள்ளிப்போனது. எழுத்தர் ஜன்னல்களை அடைத்தாள், ஃபேனை நிறுத்தினாள். வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். பதில் வந்த பிறகுதான் கதவைத் திறக்கத் தைரியம் வரும்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு இணைப்பைச் சோதிக்க அக்கரை அதிகாரி போனில் வருவார். அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை, தொண்டையைச் செருமுவதை வைத்துத்தான் பழக்கம். அன்றைய ரகசிய வார்த்தையைத் தவிர வேறெதுவும் பேசக் கூடாது என்பது விதி. எட்டாம் நாள், எடை பதினேழு காட்டிய காலையில், அவள் விதியை மீறி நடந்ததையெல்லாம் சொல்லி அழுதாள்.

அவர் செருமினார். “அனுப்பின அன்னைக்கு என்ன இருந்துச்சோ, அதையே திரும்ப வைங்கம்மா. எனக்கு வேற வழி தெரியலை.”

“வச்சா தங்கச்சி என்னை மறந்துடுவா சார்.”

“வைக்கலைன்னா மறக்கிறதுக்கு ஆளே இருக்காதும்மா,” என்றார் அவர்.

மதியம் வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னாள். சமையலறை மூலையிலிருந்து கொசுச் சத்தம்போலக் குரல் வந்தது.

“எழுதிடுக்கா. என் பெட்டியை மட்டும் நீயே எடுத்துக் குடுத்துடு. யாரோ பெட்டின்னு விட்டுட்டுப் போயிடுவேன்.”

“பயமா இருக்குடி.”

“எனக்கும்தான்.”

பெட்டியை ஒரு கையிலும் தங்கையை மறு தோளிலும் சுமந்துகொண்டு எழுத்தர் அலுவலகம் போனாள். இரண்டில் பெட்டிதான் கனத்தது. தங்கையைப் பெஞ்சில் உட்கார்த்திவிட்டு, ‘இல்லை’ என்று அடித்தாள். அக்கரையில் அதிகாரி சாப்பிடப் போகாமல் காத்திருந்ததால் ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. பெஞ்சில் நீல ஸ்வெட்டர் தெரிந்தது, பிறகு அதற்குள் ஐம்பத்திரண்டு கிலோவும் முழுசாகத் தெரிந்தது.

“முடிஞ்சுதா மேடம்?”

“முடிஞ்சுதும்மா. இது உங்க பெட்டி.”

தங்கை நன்றி சொல்லிவிட்டுப் பேருந்தின் நேரம் கேட்டுக்கொண்டு போனாள். கதவருகே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மேடத்துக்கு உடம்பு சரியில்லையா என்று காவலாளியிடம் விசாரித்தாளாம்.

அன்றே எழுத்தர் திருத்த மனு போட்டாள். ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்ட கோப்பைத் திருத்த இரு நாட்டிலும் நான்கு நான்கு கையெழுத்து வேண்டும். ஆறு வருடம் ஆனது. அக்கரைக் கையெழுத்துகளுக்காக அந்த அதிகாரி படியேறாத அலுவலகம் இல்லை. ஓய்வுபெற்ற பிறகும் ஏறினார். கடைசிக் கையெழுத்து விழுந்த செவ்வாய்க்கிழமை, எழுத்தர் மனுவோடு வந்த கோப்பை அளவுகோல் வைத்து மூன்று முறை படித்துவிட்டு அனுப்பினாள். அக்கரையில் ஏதோ ஒரு மருத்துவமனை வார்டில் தங்கை மறைந்திருப்பாள். கையில் யாருடைய மருந்துத் தட்டு இருந்ததோ. எழுத்தர் கடிகாரத்தைப் பார்க்கப் பயந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோராம் நிமிடம் போன் அடித்தது.

“என்னக்கா, ஆறு வருஷமா ஒரு போன்கூடப் பண்ணலை?”

எழுத்தர் அளவுகோலை இழுப்பறைக்குள் வைத்தாள்.

“வேலை இருந்துச்சுடி,” என்றாள். “என் ஸ்வெட்டர் எங்கே?”