துருக்கித் தட்டு

திண்டிவனத்தில் கமாலுதீனுக்குப் பொறுமை போய் ஒரு வாரம் ஆகிவிட்டது. பெண்டாட்டி பல்கீஸ் பீவிக்குப் பதினெட்டு நாளாகக் காய்ச்சல். ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். அவளோ சுவரில் மாட்டியிருந்த நீலத் தட்டை இறக்கி, தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

நோய் என்று போனால் பள்ளிவாசல் ஹஜ்ரத் பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் குர்ஆன் வசனம், ஆயத்து, எழுதித் தருவார், கரைத்துக் குடிப்பார்கள். இந்தத் தட்டின் ஓரத்தில் எழுத்தைச் சூளையிலேயே சுட்டு வைத்திருக்கிறதே, தண்ணீர் போதாதா என்பது அவள் கட்சி.

எழுத்து என்று சொன்னவனே கமாலுதீன்தான். புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரத் துரைக்குச் சமைத்தவன். ஐம்பத்து நாலில் கப்பலேறும்போது துரை கொடுத்த தட்டு. "துருக்கிப் பீங்கானைப் பார்த்து, என் தாத்தா காலத்தில் பாரிஸில் செய்தது" என்றார் அவர். 'பார்த்து' என்பதை வழியிலேயே விட்டுவிட்டு, துருக்கித் தட்டு, ஆயத்துத் தட்டு என்று இவன் வீட்டில் வந்து அளந்தான். அரபு ஓதத் தெரியாதவன், நாலு வருஷம் சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டான்.

இது காய்ச்சலுக்கான ஆயத்துதானா என்று கேட்டுவந்தால் அவளை மடக்கலாமே! அவள் அசந்த நேரம் தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு ஹஜ்ரத்திடம் போனான்.

அவர் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதுல ஒரு அலிஃப்கூட இல்ல, கமாலுதீன். எழுத்து மாதிரி பூ போட்டிருக்கான் வெள்ளக்காரன்."

அவமானமும் எரிச்சலும் பிடுங்க வீட்டுக்கு வந்தான்.

"அது எழுத்தே இல்லியாம். நான்தான் புளுகிட்டேன். எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

"தெரியும்," என்றாள் பல்கீஸ்.

"என்னா தெரியும்?"

"பத்து வயசுல குர்ஆன் ஓதி முடிச்சவ நானு. நீங்க கொண்டாந்த அன்னிக்கே பார்த்தேன். அவ்ளோ சந்தோஷமா நின்னுக்கினு இருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

கமாலுதீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப எதுக்குடி அந்தத் தண்ணிய குடிச்சிக்கினு என்னெ பேஜாரு பண்ணே?"

"ஆஸ்பத்திரிக்குப் போன எங்க அக்கா மய்யித்தாத்தானே வந்தா? தட்டெ சொன்னா நீங்க வாயெ மூடிக்குவீங்க. அதான்." அவள் எழுந்து உட்கார்ந்தாள். "பொம்பளைங்க வார்டுல ஆம்பளைய விடமாட்டாங்களாம். வாசல்லயாச்சும் உட்கார்ந்திருப்பீங்களா?"

எத்தனை நாளானாலும் இருப்பேன் என்றுதான் சொல்ல வந்தான். வாயில் வந்தது, "ஜல்தி கெளம்புடி!" என்ற கத்தல்.