மேனேஜரின் வயிறு

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது கொழுந்தன் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். நாளைக்கு நூறு தடவை "அண்ணி, அண்ணி" என்று அவன் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்துக்காரர்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. பிறகு துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த மருந்துக்கடைக்கார அம்மாள்கூட வாசலில் நின்று, "அண்ணி, என் வெள்ளைக் கோட்டு ஆச்சா?" என்றுதான் கேட்பாள்.

கொழுந்தன் இப்போது ஏசி மெக்கானிக். ஒரு வியாழக்கிழமை காலை, ஏதோ ஆபீஸின் வெளிச்சுவரில் மெஷினை மாட்டிக்கொண்டிருந்தவன் ஏணி சறுக்கி விழுந்துவிட்டான். அண்ணியின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அந்த நேரம் வண்டியில் இருந்தார். அதனால் ஆஸ்பத்திரிக்கு முதலில் போய்ச் சேர்ந்தது அண்ணிதான். வலது கால் இரண்டு இடத்தில் ஒடிந்து, முகம் வெளுத்துப்போய், உதடு காய்ந்து கிடந்தான் அவன். அவளைப் பார்த்ததும் கையை எட்டிப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணி, வீட்டுல ரெண்டு பேரு பட்டினி கிடக்காங்க."

அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரெண்டு பேரா? நமக்குத் தெரியாமல் எங்காவது குடும்பம் நடத்துகிறானா இந்தப் பயல்?

"யாருடா அவங்க?"

"மேனேஜரும் தூங்குமூஞ்சியும்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் கோபமும் வந்தது. "கால் ரெண்டா ஒடிஞ்சு கிடக்கு, இப்ப உனக்குத் தவளைக் கவலையா?" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேனேஜரும் தூங்குமூஞ்சியும் அவன் வளர்த்த இரண்டு பச்சை மரத்தவளைகள். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். மாடி அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்பது அன்றைக்கே அண்ணி போட்ட சட்டம். அன்றிலிருந்து அவள் அந்த அறைக்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அவள் வீட்டுக்காரர் அதற்கும் மேல். நெரிசலில் ஐம்பது பேரை வைத்துக்கொண்டு பதறாமல் பஸ் ஓட்டுகிற மனுஷர், ஒரு நாள் தவளை படியில் இறங்கி வந்துவிட்டதென்று நாற்காலி மேல் ஏறி நின்றவர்.

ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகும் வரை கொழுந்தன் சொல்லிக்கொண்டே இருந்தான். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, மருந்து கலந்திருக்கும், ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். தொடுவதாக இருந்தால் சோப்பு, கிரீம் எதுவும் கையில் இருக்கக் கூடாது, நனைத்த கையால்தான் தொட வேண்டும். இரைக்கென்று டப்பாவில் வாங்கி வைத்திருக்கும் சிள்வண்டுகளைச் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும். காலையிலும் சாயங்காலமும் தொட்டிக்குள் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

"தோலு வழியாதான் அண்ணி அதுங்க தண்ணி குடிக்கும். காஞ்சு போச்சுன்னா..."

"போடா, நான் பாத்துக்கிறேன். முதல்ல உன் காலைப் பாரு."

வீட்டுக்கு வந்து மாடி ஏறிக் கதவைத் திறந்தாள். ஆள் உயர அலமாரியில் பாதி இருக்கும் அந்தக் கண்ணாடித் தொட்டி. உள்ளே காய்ந்த கிளைகள், படரும் கொடி, ஒரு தண்ணீர்க் கிண்ணம். மேல் கிளையில் ஒன்று உட்கார்ந்திருந்தது. முன்னங்கைகளை நெஞ்சுக்கடியில் மடித்துவைத்துக்கொண்டு, வாயோரத்தில் ஒரு சிரிப்போடு, அவளை மேலும் கீழுமாகப் பார்த்தது. கொழுந்தனின் கம்பெனி மேனேஜர் இப்படித்தான் பார்ப்பார் என்று அவன் சொல்லியிருக்கிறான். இன்னொன்று இலைக்கடியில், தேய்ந்த பச்சை சோப்புக் கட்டி மாதிரி, கண்ணை மூடிக் கிடந்தது. விரல் நுனி ஒவ்வொன்றும் சட்டைக்குத் தைக்கிற பிரஸ் பட்டன் போல வட்டமாக இருந்தது. அருவருப்பாக இருக்கும் என்று நினைத்து வந்தவள் அந்த விரல்களை எண்ணிக்கொண்டு நின்றாள்.

தண்ணீர் தெளிக்க அவன் வைத்திருந்த பாட்டில் மூடி உடைந்திருந்தது. இஸ்திரிக்கு வைத்திருந்த பாட்டிலை எடுத்தாள். எடுத்த பிறகுதான் அதில் கஞ்சிப் பசை கரைத்திருந்தது ஞாபகம் வந்து, அப்படியே கீழே வைத்தாள். உடனே கடைக்குப் போய்ப் புது பாட்டில் வாங்கி வந்தாள். முதல் நாள் சிள்வண்டுகளைப் பொடியில் புரட்டும்போது ஆறு தப்பித்துப் போயின. பவுடர் பூசிக்கொண்டு எங்கோ கிளம்பியவை மாதிரி வெள்ளை வெள்ளையாகப் படியில் இறங்கி ஓடின. இரண்டு நாள் கழித்து மருந்துக்கடை அம்மாளின் கோட்டுப் பைக்குள்ளிருந்து கிறீச் கிறீச் என்று சத்தம் வந்தது.

"என்ன சத்தம் அது?" என்றார் வீட்டுக்காரர்.

"மெஷினுக்கு எண்ணெய் விடணும்ங்க" என்றாள் அண்ணி.

தைக்கிற வேலையை விட்டுவிட்டு ஐந்து தடவை மாடி ஏறி இறங்கினால் முட்டி என்னத்துக்கு ஆகும்? ஒரு வாரத்தில் அவளே தன் சட்டத்தை மாற்றினாள். தவளைகளைக் காற்றோட்டமான டப்பாவில் விட்டு மூடிவிட்டு, வீட்டுக்காரரைத் தொட்டியின் ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படி இறங்கினார்.

"காலி தொட்டிதாங்க இது."

"அது எனக்கெப்படித் தெரியும்?"

தொட்டி தையல் அறையின் மூலைக்கு வந்தது. வெயில் படாத இடம். அவள் பட்டன் தைத்தால் மேனேஜர் பார்க்கும், துணி வெட்டினால் பார்க்கும். ஓரம் அடிக்கிற மெஷினுக்கு நூல் கோக்கும் நீள இடுக்கியால் சிள்வண்டை நீட்டினால், இருந்த இடத்திலிருந்தே பாய்ந்து கவ்வும். வாய்க்குள் போகாத காலைக் கையால் உள்ளே தள்ளும். விழுங்கும்போது கண் இரண்டையும் இறுக்கி மூடும். அண்ணியும் தன்னை அறியாமல் கூடவே கண்ணை மூடுவாள். தினமும் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, யார் எத்தனை தின்றார்கள், யார் தோலுரித்தார்கள் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. பாசம் வைத்தால் உடனே ஏதாவது தைத்துக் கொடுத்துப் பழகியவள் அவள். ஒரு வாடிக்கையாளரின் கவுனுக்கு வெட்டியதில் பச்சை வெல்வெட் கொஞ்சம் மிச்சம் விழுந்தது. அதை அலசிக் காயவைத்து, சின்னச் சின்னத் துண்டாக்கி, தொட்டித் தரையில் மெத்தை மாதிரி பரப்பினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலை ஒரு சிள்வண்டு இடுக்கியிலிருந்து நழுவி அந்த வெல்வெட் மேல் விழுந்தது. மேனேஜர் பாய்ந்தது. சிள்வண்டும் போயிற்று, அதன் கீழே கிடந்த துண்டும் போயிற்று. அவள் கதவைத் திறந்து கையை விடுவதற்குள் எல்லாம் தொண்டைக்குக் கீழே இறங்கிவிட்டது.

அன்று மத்தியானம் மேனேஜர் கிளை ஏறவில்லை. அடுத்த நாள் இரையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயிறு ஒரு பக்கமாக உப்பியிருந்தது. அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொழுந்தனுக்கோ அடுத்த நாள் இரண்டாவது ஆபரேஷன். அவனிடம் எப்படிச் சொல்வது?

"மேனேஜர் எப்படி இருக்கான் அண்ணி?"

"ஜம்முனு இருக்கான். காலையில ஆறு பூச்சி தின்னான்."

"ஆறா?"

"பசி போல."

போனை வைத்துவிட்டு மெஷின் மேல் தலை கவிழ்ந்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, டப்பாவில் ஈரப் பஞ்சு விரித்து, மேனேஜரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நாயும் பூனையுமாக உட்கார்ந்திருந்த வரிசையில் அவள் முறை வந்தது. கால்நடை மருத்துவர் இளம்பெண். சாய்ந்து உட்கார்ந்திருந்தவள், டப்பாவைத் திறந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். துணி விழுங்கிய கதையைக் கேட்டுக்கொண்டே வயிற்றை விரலால் தடவிப் பார்த்தாள்.

"துணி இன்னும் இரைப்பையிலதான் இருக்கு. உடனே அறுக்க வேணாம்னு பாக்குறேன். ஆழமில்லாத தண்ணியில, கை வச்சா சூடும் தெரியக்கூடாது குளிரும் தெரியக்கூடாது, அந்தப் பதத்துல பதினைஞ்சு நிமிஷம் உட்கார வைங்க. வயித்தை ரொம்ப மெல்லத் தடவிக் குடுங்க. மூணு நாள் பாப்போம். அதுக்குள்ள சோர்ந்துட்டா உடனே தூக்கிட்டு வாங்க."

"நான்தான் டாக்டர் அந்தத் துணியைப் போட்டேன்."

"தெரிஞ்சா போட்டீங்க? விடுங்கம்மா."

மூன்று நாள் அண்ணி ஒரு துணியும் தைக்கவில்லை. கேட்க வந்தவர்களிடம், "வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை" என்றாள். கொழுந்தனைச் சொல்கிறாள் என்று எல்லோரும் பரிதாபப்பட்டுப் போனார்கள். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளையும் தட்டில் தண்ணீர் ஊற்றி மேனேஜரை உட்கார வைத்தாள். வாழ்க்கையில் தவளையைத் தொடவே மாட்டேன் என்றிருந்த கைதான். இரண்டு மடிப்புத் துணிக்கடியில் இருக்கும் நூல் முடிச்சைத் தொட்டே கண்டுபிடிக்கிற விரல்கள் அவை. உள்ளே அந்தத் துண்டு எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தடவத் தடவ மேனேஜர் அவள் கட்டை விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

"உனக்கு ஒண்ணும் ஆகாது கண்ணு. உன்னை நம்பி அவன் அங்க கிடக்கான். என்னை நம்பித்தான் உன்னை விட்டிருக்கான். மானத்தை வாங்கிடாதே" என்று சொல்லிக்கொண்டே தடவினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், குளியல் முடிந்து அதைக் கிண்ணத்தருகே விட்டாள். மேனேஜர் இரண்டு தடவை குனிந்து நிமிர்ந்தது. வாயை அகலத் திறந்தது. வாய்க்குள்ளிருந்து இளஞ்சிவப்பாக ஏதோ ஒன்று பை மாதிரி வெளியே தொங்கியது.

அண்ணி வீல் என்று கத்திவிட்டாள். குடல் வெளியே வந்துவிட்டது, எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தாள். ஆபரேஷன் ஆனவன், அதிர்ச்சி ஆகாது என்பதெல்லாம் மறந்துபோயிற்று. போனில் கொழுந்தனை வீடியோவில் கூப்பிட்டு, தொட்டிப் பக்கம் திருப்பினாள்.

"தம்பி, உன் மேனேஜரைக் கொன்னுட்டேன்டா! பாவி நான், துணியைத் திங்க வச்சு கொன்னுட்டேன்!"

"அண்ணி, கத்தாதீங்க. போனை ஆட்டாதீங்க. கிட்டக் காட்டுங்க." திரையை உற்றுப் பார்த்தவன் படுக்கையில் எழுந்து உட்காரப் போய், "ஆ" என்று காலைப் பிடித்துக்கொண்டான். "அண்ணி, அது வயிறு! வேண்டாதது உள்ள போனா வயித்தையே வெளிய எடுத்துக் கழுவிக்கும். தொடாதீங்க, சும்மா பாருங்க!"

அவள் பார்த்தாள். மேனேஜர் வலது கையைத் தூக்கி, தொங்கிய பையை மேலிருந்து கீழாக ஒரு துடை துடைத்தது. மறுபடி ஒரு துடை. மூன்றாவது துடையில் பச்சை வெல்வெட் துண்டு ஈரத்தோடு கீழே விழுந்தது. பிறகு பையை உள்ளே இழுத்து, கண்ணை இறுக்கி மூடி விழுங்கியது. கண்ணைத் திறந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி அவளை மேலும் கீழுமாகப் பார்த்தது.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தாள். போனுக்குள் அவனும் அதையேதான் செய்துகொண்டிருந்தான்.

"ஆறுன்னு சொன்னப்பவே எனக்கு உறுத்துச்சு அண்ணி. மேனேஜர் நாலுக்கு மேல தொட்டதே கிடையாது."

"அப்புறம் ஏன்டா கேக்கலை?"

"நீங்க பொய் சொல்றீங்கன்னா, ஏதோ பெருசா ஆகியிருக்கு, ஆனா நீங்க பாத்துக்குறீங்கன்னு அர்த்தம்." குனிந்து தன் காலைப் பார்த்தான். "நானும் ஒண்ணு சொல்லலை. இனிமே ஏணி ஏற முடியாதாம். கால் முன்ன மாதிரி மடங்காதாம்."

அண்ணி போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். "ஏணிதானே? போனா போகுது. கீழ உட்கார்ந்து ரிப்பேர் பண்ற வேலையா பாத்துக்கலாம். உயிரோட இருக்கியே, அது போதாதா? இத்தனை நாளா இதை வச்சுக்கிட்டுத் தனியா முழுங்கிக்கிட்டு இருந்தியா? வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு."

மறுநாள் மருத்துவர் மேனேஜரைத் தடவிப் பார்த்துவிட்டு, ரெண்டு நாள் கழித்துச் சின்ன இரையாக ஒன்று கொடுக்கச் சொன்னாள். "வயித்தை வெளிய எடுத்துக் கழுவும்னு படிச்சிருக்கேனே தவிர கண்ணால பாத்ததில்லை. வீடியோ எடுத்தீங்களா?"

"என் உயிரே என்கிட்ட இல்லை, இதுல வீடியோ எங்க எடுக்க?"

கொழுந்தன் வீடு திரும்ப இன்னும் மூன்று வாரம் ஆயிற்று. அண்ணன் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு வாசல்படி ஏறினார். மாடி இப்போதைக்குக் கிடையாது என்று அண்ணி தையல் அறையிலேயே கட்டில் போட்டு வைத்திருந்தாள். கட்டுப் போட்ட கால் நுழைகிற மாதிரி ஒரு பக்கம் பிரித்து நாடா வைத்த கால்சட்டை மூன்று, மடித்துத் தலையணை மேல் இருந்தது. அவன் முதல் வேலையாகக் கையை நனைத்துக்கொண்டு தொட்டிக்குள் நீட்டினான். தூங்குமூஞ்சி ஏறி வந்தது. மேனேஜர் அவனைப் பார்த்தது, அவன் தோளுக்கு மேலே அண்ணியைப் பார்த்தது, இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"துரோகி" என்றான் அவன்.

அண்ணி பெருமையை மறைக்கத் தெரியாமல் மெஷினில் போய் உட்கார்ந்தாள். வேலை மலை மாதிரி குவிந்து கிடந்தது. காலால் பெடலை அழுத்த, மோட்டார் கடகடவென்று ஓடியது. மூலையிலிருந்து "க்ராக், க்ராக்" என்று ஒரு குரல் கிளம்பியது. அவள் நிறுத்தினாள். அதுவும் நின்றது. மறுபடி ஓட்டினாள். மறுபடி அது தொண்டையைப் பந்தாக ஊதிக்கொண்டு கத்தியது.

அடுத்த அறையிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இப்ப என்ன சத்தம்?"

"அண்ணிகூடப் பேசிட்டிருக்கான்" என்றான் கொழுந்தன். "நீ வேணா நாற்காலியில ஏறி நின்னு கேளு."