கண் கட்டியிருந்தவளின் சாட்சியம்

தன்னுடைய நாட்டு நீதிபதி தன்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார் என்று எல்வீரா முதலில் சொன்னது மேரிசெலினிடம்தான். 1986ஆம் ஆண்டு ஆவணி மாதம். டென்மார்க்கில், ஒடென்சே நகரத்தில் ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுக்கும் ஒரு தொழிற்சாலையில் இருவருக்கும் வேலை. உருளை இயந்திரத்திலிருந்து சூடாக வெளியே வரும் படுக்கை விரிப்பை ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து மடிக்க வேண்டும். மடித்துக்கொண்டே எல்வீரா சொன்னாள். மேரிசெலின் தன் பக்கத்து மூலைகளைக் கைவிட்டுவிட்டாள்.

எல்வீரா ஆர்ஜென்டினாக்காரி. அங்கே தெற்கில் ஒரு துறைமுக நகரத்தில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். இராணுவம் ஆண்ட காலத்தில் அவளையும், ஆசிரியர் சங்கத்தில் இருந்த அவளுடைய கணவன் ஹொறாசியோவையும் வீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிடித்த நிமிஷத்திலிருந்து விட்ட நிமிஷம் வரைக்கும் அவளுடைய கண்ணைக் கட்டியே வைத்திருந்தார்கள். அவளை விட்டார்கள். ஹொறாசியோ வரவேயில்லை. பிறகு அவள் டென்மார்க்குக்கு வந்தாள். இராணுவ ஆட்சி விழுந்து, போன வருஷம் பெரிய ஜெனரல்களுக்குத் தண்டனையும் கொடுத்தாயிற்று. ஆனால் அவளைக் கேள்வி கேட்டு வதைத்தவன் ஜெனரல் இல்லை. அவன் சாதாரண ஒரு கப்டன். ஓய்வு பெற்று, அதே நகரத்தில் நாயைக் கூட்டிக்கொண்டு உலாவித் திரிகிறானாம்.

"அவன்தான் என்று எப்படிச் சொல்வாய்? நீ அவனைப் பார்க்கவில்லையே?" என்று மேரிசெலின் தனக்குத் தெரிந்த டெனிஷில் கேட்டாள்.

எல்வீரா சிரித்தாள். "இதைத்தான் அவனுடைய வக்கீலும் கேட்பான். குரல், செலின். அந்தக் குரலை எங்கே கேட்டாலும் சொல்வேன். நீ எனக்கு ஒரு உதவி செய். அந்த வக்கீலாக இருந்து என்னிடம் கேள்வி கேள்."

"நானா? எனக்கு டெனிஷே அரைகுறை. இங்கே உனக்கு எத்தனை சிநேகிதிகள் இருக்கிறார்கள்!"

"அவர்களிடம் கேட்டேன். இரண்டாவது கேள்வியிலேயே அழுகிறார்கள். நீ அழமாட்டாய்."

அது பாராட்டா, குற்றச்சாட்டா என்று மேரிசெலினுக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், துணிக்கட்டுகளுக்கு நடுவே, இலங்கையில் மன்னாரிலிருந்து வந்து ஒன்றரை வருஷமே ஆன பெண் ஒரு ஆர்ஜென்டினா வக்கீலானாள். கண் கட்டியிருந்தபோது பகல் எது, இரவு எது என்று எப்படித் தெரியும்? ஒன்பது வருஷம் ஒரு குரல் எப்படி ஞாபகத்தில் நிற்கும்? அவன் பெயரை யார் சொல்லித் தந்தார்கள்? எல்வீரா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். தடுமாறினால் "திரும்ப" என்று தானே சொல்லி, முதலிலிருந்து தொடங்குவாள்.

ஒருநாள் மேரிசெலின் கேட்டாள்: "உன் கணவன் வேறு பெண்ணோடு ஓடிப்போயிருக்கலாம் அல்லவா? வீட்டில் போய்ப் பெட்டியைத் திறந்து பார். நல்ல சட்டை குறைகிறதா என்று பார்."

எல்வீரா வாயில் வைத்த பாண் துண்டை எடுத்தாள். "இது எங்கேயிருந்து வந்தது? இது உன் கற்பனை இல்லை."

"இல்லை" என்றாள் மேரிசெலின். "இராணுவ முகாம் வாசலில் என் அண்ணியிடம் சிப்பாய்கள் கேட்டது."

அப்போதுதான் அவள் தன் அண்ணன் கிறிஸ்துநாயகத்தைப் பற்றி எல்வீராவிடம் சொன்னாள். எண்பத்துநாலாம் ஆண்டுக் கடைசியில், மன்னார் வீதியில் ஒரு பஸ்ஸை இராணுவம் மறித்தது. நாலு பேரை இறக்கி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதில் அண்ணனும் ஒருவன். அவன் மனைவி பற்றிமா முகாம் முகாமாக அலைந்தாள். அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்ற ஒரே பதில்தான் எங்கும்.

"பிடித்ததைக் கண்டவர்கள் யாரும் உண்டா?"

"என் கணவர். அதே பஸ்ஸில்தான் இருந்தார்."

எல்வீரா கையிலிருந்த பாணைக் கீழே வைத்தாள். "நான் ஒன்றையும் பார்க்கவில்லை. ஆனாலும் பூமியின் மறுகோடிக்குப் போகிறேன். உன் வீட்டில் கண்ணால் கண்ட ஒருவர் இருக்கிறார். யாரிடமாவது சொன்னாரா?"

இல்லை என்று மேரிசெலின் தலையசைத்தாள்.

அவள் கணவன் அந்தோனிதாசன் கெட்டவன் இல்லை. கோழித் தொழிற்சாலையில் விடியற்காலை வேலைக்குப் போய்வந்து, பிள்ளைக்குச் சோறூட்டி, வாரம் இரண்டு நாள் டெனிஷ் வகுப்புக்கும் போகிற மனுஷன். ஆனால் அந்த பஸ்ஸைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டான். அன்று பின்னேரம் மேரிசெலின் நேராகவே கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, கொப்பன்ஹேகனில ஒரு வக்கீல் அம்மா இருக்கிறாவாம். எங்கட நாட்டில நடந்ததுகளைக் கேட்டு எழுதி ஐ.நா.வுக்கு அனுப்பிறவவாம். எல்வீராவுக்குத் தெரிஞ்சவ. நாங்கள் போவமே?"

"என்னத்துக்கு?"

"நீங்கள் கண்டதைச் சொல்ல."

"உமக்கு விசரே? அப்பு அங்க, ஆச்சி அங்க, பற்றிமா அங்க. நான் இஞ்ச இருந்து வாயைத் திறந்தா அவையளைத்தான் போய் உதைப்பாங்கள்."

"ஒருத்தரும் சொல்லாட்டி அண்ணையைப் பிடிக்கவே இல்லையெண்டுதானே ஆகும்?"

"செலின், அந்த நாடு வேற. அவளின்ர நாட்டில ஆமி போயிட்டுது, கோடு, வழக்கெல்லாம் வந்திட்டுது. எங்கட நாட்டில ஆமி இப்பவும் றோட்டில நிக்குது. ஆரிட்ட போய் நான் சாட்சி சொல்ல?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் மேரிசெலினை வாட்டியது. இரண்டு நாள் யோசித்தாள். பிறகு ஒரு கசெற்றை எடுத்து, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, பற்றிமாவுக்குப் பேசினாள். எல்வீராவைப் பற்றிச் சொன்னாள். அந்தோனிதாசனின் பயத்தையும் ஒளிக்காமல் சொன்னாள். "அங்க இருந்து ஆபத்தைத் தாங்கிறது நீங்கள்தான், மச்சாள். நீங்கள் வேண்டாமெண்டால் நான் இனிக் கதைக்கமாட்டன்" என்று முடித்தாள். ஊருக்குப் போகிற பாதிரியார் ஒருவர் அதைப் பாட்டுக் கசெற்றுகளோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்.

புரட்டாசி கடைசியில் எல்வீரா புறப்பட்டாள். இரண்டு கிழமைக்குப் பிறகு ரெலிபோன் வந்தது. இரைச்சலுக்குள் அவள் குரல் உற்சாகமாகத்தான் இருந்தது.

"செலின், அவனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அவனையும் இன்னும் சில ஆண்களையும் ஒரே வசனத்தைச் சொல்ல வைக்கச் சொன்னேன். நீதிபதி சம்மதித்தார். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அவன் சொன்னதும் கையைத் தூக்கினேன்."

"வக்கீல் என்ன கேட்டான்?"

"நீ கேட்டதெல்லாம் கேட்டான். உன்னளவுக்குக் கெட்டிக்காரன் இல்லை."

மேரிசெலினுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் எல்வீரா உடனே திரும்பி வரவில்லை. ஒரு குரலை வைத்து மட்டும் வழக்கு நிற்காது, இன்னும் சாட்சி வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அதே கட்டடத்தில் இருந்து தப்பிய பெண்களைத் தேடி அவள் ஊர் ஊராகப் பஸ் ஏறினாள். மார்கழியில் இன்னொரு இடி. இனி இரண்டு மாதத்துக்குள் குற்றம் சாட்டப்படாத இராணுவத்தினர் மேல் பிறகு ஒருநாளும் வழக்குப் போட முடியாது என்று அவர்களுடைய பாராளுமன்றமே சட்டம் போட்டுவிட்டது. ஜனநாயகம் வந்த பிறகும் இப்படியா என்று மேரிசெலின் ரெலிபோனில் கொதித்தாள்.

"கொதிக்க எனக்கு நேரமில்லை" என்றாள் எல்வீரா. "நாலு பெண்களைக் கண்டுபிடித்துவிட்டேன். இருவர் வருகிறேன் என்றார்கள். ஒருத்தி கதவைச் சாத்திவிட்டாள். நாளைக்கும் போய்த் தட்டுவேன்."

அந்த நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த கிழமை பற்றிமாவின் கசெற் வந்தது. மேரிசெலின் அதைத் தனியாகக் கேட்கவில்லை. அந்தோனிதாசன் வேலையால் வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு, அவனுக்கு முன்னால் வைத்துத்தான் போட்டாள்.

பின்னணியில் காகங்கள் கத்தின. பற்றிமாவின் குரல் அவசரமில்லாமல் வந்தது.

"அந்தோனி அண்ணை, நீங்களும் கேட்டுக்கொண்டிருப்பியள் எண்டு நினைக்கிறன். நான் முகாம் வாசல் வாசலா நிண்டு என்ர பெயர், விலாசம், பிள்ளையளின்ர பெயர் எல்லாம் அவங்களுக்குச் சொல்லிப்போட்டன். எத்தினை தரம் சொன்னனான் தெரியுமே? அவங்களுக்குத் தெரியாத ஆளே நான்? நீங்கள் பேசாமல் இருந்தா நான் தப்புவன் எண்டு நினைக்காதேங்கோ. என்ர பெயரையும் போடச் சொல்லுங்கோ. பயமில்லாமல் இல்லை. பயத்தோடதான் சொல்லுறன். உங்கட அப்புவிட்டயும் போய்க் கேட்டனான். 'கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லச் சொல்லு' எண்டார்."

கசெற் முடிந்து வெறுமனே சுழன்றது. அந்தோனிதாசன் எழும்பிப் போய் ஜன்னலடியில் நின்றான். அவன் தோள் குலுங்குவதை மேரிசெலின் கண்டாள். கிட்டப் போகவில்லை.

"தை மாதம் எனக்கு லீவு இருக்கு" என்றான், திரும்பாமலே.

தை மாதம் ரயிலில் போனார்கள். நிபோர்க்கில் ரயிலையே கப்பலுக்குள் ஏற்றிக் கடலைக் கடந்தார்கள். சுற்றிவர ஐஸ் மிதந்தது. அந்தோனிதாசன் கோப்பியை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தான்.

கொப்பன்ஹேகனில் வக்கீல் பிர்கிட்டேயின் அறை மூன்றாம் மாடியில். பிர்கிட்டே நரைத்த தலையும் தடித்த ஸ்வெட்டருமாக வந்து கைகொடுத்து, மன்னிப்புக் கேட்டாள். மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சலாம். வேறொரு நாள் வைக்கலாமா என்றாள்.

அந்தோனிதாசனின் முகத்தில் ஒரு நிம்மதி படர்வதை மேரிசெலின் கண்டாள். இன்று விட்டால் இனி அவன் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நான் மொழிபெயர்க்கிறேன்" என்றாள்.

"நீங்கள் அவருடைய மனைவி. பிடிக்கப்பட்டவர் உங்கள் அண்ணன். இது உங்களால் முடியுமா?"

"முடியும். எல்லாவற்றையும் கசெற் ரேப்பில் பதியுங்கள். நான் பிழையாகச் சொன்னால் பிறகு வேறொருவர் கேட்டுத் திருத்தட்டும்."

பிர்கிட்டே கொஞ்சம் யோசித்து, ரேப்பின் பொத்தானை அழுத்தினாள். "முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்க இன்றைக்கு ஒரு நீதிமன்றமும் இல்லை. எப்போது வரும் என்றும் எனக்குத் தெரியாது."

மேரிசெலின் அதைத் தமிழில் சொன்னாள். அந்தோனிதாசன் தலையாட்டினான். "தெரியும். வரேக்க நான் உயிரோட இருக்கிறனோ தெரியாது. அதுக்குத்தானே ரேப்."

அவன் சொல்லத் தொடங்கினான். பஸ் மறித்த வளைவு. முன்னால் நின்ற பச்சை ஜீப். ஏறி வந்த அதிகாரியின் முகம், கன்னத்து மச்சம், அவன் பேசிய கொச்சைத் தமிழ். ஒவ்வொரு வசனமாக மேரிசெலின் டெனிஷில் சொன்னாள். தெரியாத சொல் வந்தால் கையால் காட்டினாள். பிறகு அவன் இதுவரை அவளிடம்கூடச் சொல்லாததைச் சொன்னான்.

"மச்சானை எழுப்பேக்க நானும் எழும்பப் போனனான். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். வேண்டாம் எண்டு தலையை ஆட்டினான். பிறகு என்னைத் தெரியாத ஆள் மாதிரி முகத்தைத் திருப்பிப்போட்டு இறங்கிப் போனான்."

பிர்கிட்டே பேனையை வைத்துவிட்டு, நிறுத்தலாம் என்று கை காட்டினாள். மேரிசெலின் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்தாள்.

"அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்" என்று டெனிஷில் தொடங்கினாள். குரல் உடைந்தது. "திரும்ப" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முதலிலிருந்து, கடைசிச் சொல் வரைக்கும் சொன்னாள். அண்ணன் இவரைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறான். அதைத் தன் வாயால் அந்நிய பாஷையில் சொல்லித்தான் அவள் அறிய வேண்டியிருந்தது.

வெளிக்கிடும்போது பிர்கிட்டே கேட்டாள், "பஸ்ஸில் இருந்த வேறு யாராவது டென்மார்க்கில் இருக்கிறார்களா?"

"பக்கத்து சீற்றில இருந்தவர் சிவபாலன்" என்றான் அந்தோனிதாசன். "இஞ்ச பக்கத்தில, டோஸ்ட்ருப்பில இருக்கிறார் எண்டு கேள்வி."

"அவரைப் பார்த்தால் ஒன்றை மறக்க வேண்டாம். நீங்கள் சொன்னதை அவருக்குச் சொல்லாதீர்கள். அவர் சொல்வதையும் கேட்காதீர்கள். இரண்டு சாட்சியும் தனித்தனியாக நிற்க வேண்டும்."

தெரிந்தவர்களிடம் விலாசம் விசாரித்து, அன்றைக்கே டோஸ்ட்ருப்புக்கு ரயில் ஏறினார்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று மேரிசெலின் சொல்லிப் பார்த்தாள். அந்தோனிதாசன்தான் விடவில்லை.

சிவபாலனின் மனைவி புஷ்பராணி கதவைத் திறந்து, குளிருக்குள் நின்றவர்களை உள்ளே இழுத்துத் தேத்தண்ணி போட்டாள். வந்த விஷயத்தைக் கேட்டதும் சிவபாலனின் முகம் மாறியது.

"உந்தக் கதையை ஏன் அண்ணை இஞ்ச கொண்டு வாறியள்? தப்பி வந்திட்டம். பிள்ளையள் பள்ளிக்கூடம் போகுதுகள். விடுங்கோ."

"நானும் உந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான், தம்பி. காலமை சொல்லி முடிச்சிட்டு வாறன். உம்மட பெயர் மட்டும் சொன்னனான், பக்கத்தில இருந்தவர் எண்டு. வேறொண்டும் சொல்லேல்லை. விருப்பமில்லாட்டி அந்தப் பெயரையும் அழிக்கச் சொல்லுறன்."

புஷ்பராணி ரிவிப் பெட்டியை நிற்பாட்டினாள். கோப்பையில் தேத்தண்ணி ஆறியது. இனிப் போகலாம் என்று மேரிசெலின் கோட்டைக் கையில் எடுத்தாள்.

"ஜீப் பச்சை எண்டு சொல்லியிருப்பியள்" என்றான் சிவபாலன் திடீரென்று. "எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுகினம். ஆனா அதின்ர—"

"நிப்பாட்டுங்கோ, தம்பி!" மேரிசெலின் கையை நீட்டித் தடுத்தாள். "எங்களுக்குச் சொல்லாதேங்கோ. ஒரு சொல்லும் சொல்லாதேங்கோ. அவவிட்டச் சொல்லுங்கோ."

சிவபாலன் வாயை மூடிக்கொண்டான். மனைவியைப் பார்த்தான். அவள் ஓம் என்று தலையசைத்தாள்.

"வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இல்லை" என்றான். "அந்த அம்மா வெள்ளிக்கிழமை இருப்பாவோ?"