சாலைக்கு அந்தப் பக்கம் நான்கு தொட்டி

டெல்ஃபினா காலையில் ஒயின் கொட்டகையிலிருந்து குளிக்க வீட்டுக்கு வந்ததுதான் தப்பு. தலை துவட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் மலைச்சாலையின் குறுக்கே ஷெரீஃபின் போலீஸ் வண்டி நின்றது. அடுத்த சரிவில் காட்டுத்தீ. எல்லாரும் உடனே கிளம்ப வேண்டும் என்று உத்தரவு.

வீடு சாலைக்கு இந்தப் பக்கம். ஒயின் கொட்டகை அந்தப் பக்கம். உள்ளே நான்கு தொட்டிகளில் கறுப்புத் திராட்சை நுரைத்துக்கொண்டிருந்தது. புகை வருவதற்கு இரண்டு நாள் முன்பே பறித்த பழம், புகை நாற்றம் ஏறாதது. மூவாயிரம் அடி உயரத்தில் விளைந்தது, தோல் தடிமன். புளிக்கப் புளிக்கத் தோலெல்லாம் மேலே ஏறி அடையாகக் கட்டிக்கொள்ளும். நாளுக்கு மூன்று முறை அதை உள்ளே அமுக்கியாக வேண்டும். விட்டால் நான்கு தொட்டியும் வினிகர்.

வண்டியில் சாய்ந்து நின்ற போலீஸ்காரன் வேட், பள்ளியில் அவளுக்குப் பின் பெஞ்சு.

"உன் நிலத்துல நீ நின்னா நான் தொட முடியாது, டெல்ஃபி. சட்டம் அப்படி."

"அந்தப் பக்கமும் என் நிலம்தான்."

"நடுவுல ரோடு இருக்கே. அது என் பொறுப்பு. கால் வெச்சா கைவிலங்கு."

"கொண்டு வந்திருக்கியா, இல்ல வீட்லயே மறந்துட்டியா?"

வேட் சிரிக்கவில்லை. "புகை பட்ட பழம், இந்த வருஷம் மலை ஒயினே கிடையாதுன்னு கீழ பள்ளத்தாக்குல ஒயின் பண்றவங்க முடிவே பண்ணிட்டாங்க. உனக்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்?"

"அவங்க முடிவு பண்ணிட்டாங்கல்ல, அதுக்குத்தான்."

அவள் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். வேட் நிம்மதியாகக் காப்பி ஃபிளாஸ்க்கைத் திறந்தான்.

சாலைக்கு அடியில் மழைத்தண்ணீர் போகிற, ஆள் தவழும் அளவு இரும்புக் குழாய் ஒன்று உண்டு. ஐந்து மாதமாக மழை இல்லை. பத்து நிமிடம் கழித்து அதன் மறுமுனையில் சிலந்திவலை அப்பிய ஒரு தலை நீண்டது.

வேட் கொட்டகைக்கு ஓடி வந்தபோது அவள் தொட்டிமேல் போட்ட பலகையில் நின்று, கழியை முழு எடையோடு இறக்கிக்கொண்டிருந்தாள். அடை விரிசல் விட்டு உள்ளே போனது. ஊதா நுரை பொங்கியது.

"ரோட்ல கால் வெக்கல," என்றாள், திரும்பாமல்.

வேட் நோட்டை எடுத்தான். "போகமாட்டேங்கறவங்ககிட்ட இதைக் கேட்டே ஆகணும். உனக்கு ஏதாவது ஆச்சுன்னா யாருக்குச் சொல்றது?"

"உன் மாமியாருக்கு. என் ஒயினை அதிகமா குடிக்கறது அவங்கதான்."

"விளையாடாத. அடுத்து எப்போ அமுக்கணும்?"

"நாலு மணிக்கு."

"நாலு மணிக்குத் தீ இங்க இருக்கும்."

"அப்போ மூணுக்கே அமுக்கறேன்," என்று பலகையை இரண்டாவது தொட்டிக்கு இழுத்துப் போட்டாள்.