மாத்திரை தொடாத ஏழு நாள்

எங்கே சத்தம் கேட்டாலும் எண்ணெய் விட்டாக வேண்டும் அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு. கதவு கிரீச்சிட்டாலும் சரி, மின்விசிறி முனகினாலும் சரி, கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவர் கைக்குத் தெரியாது. வினையும் அதனால்தான் வந்தது.

அவர் மனைவி பெண்களுக்கு முடி வெட்டும் கடையில் வேலை பார்ப்பவள். இருபது வருடம் கத்தரிக்கோலும் டிரையரும் பிடித்ததில் வலது முழங்கை பழுதாகிவிட்டது. தண்ணீர் டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை. கட்டுப் போட்டும் பார்த்தாயிற்று, தைலம் தேய்த்தும் பார்த்தாயிற்று. கடைசியில் டாக்டர், அவள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, அதில் தட்டணுக்கள் நிறைந்து பிரியும் மஞ்சள் நீரை முழங்கையில் ஏற்றிப் பார்க்கலாம் என்றார். அதற்கும் கேட்கவில்லை என்றால் கத்தரிக்கோலை மறந்துவிட வேண்டியதுதான். ஒரே ஒரு கண்டிப்பு: முன்னதாக ஏழு நாள் வலி மாத்திரை தொடக்கூடாது. புண்ணை ஆற்றும் வேலையாட்கள் அந்தத் தட்டணுக்கள்தான். மாத்திரை அவர்களைத் தூங்க வைத்துவிடும்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். தலையணையில் முகம் புதைத்து அவள் முனகுவதை ஐந்து நாள் கேட்டவர், ஆறாம் நாள் ஒரு மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்துவிட்டார். ஏழாம் நாளும் கலந்தார்.

எட்டாம் நாள் காலை கிளினிக்கில் எதிர் நாற்காலியில் ஒரு இளைஞன் தொப்பியை மடியில் வைத்திருந்தான். அவன் நெற்றி உச்சிவரை ஏறியிருந்தது. பக்கத்தில் ஒரு பெண், கன்னம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகளோடு கைக்கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்களுக்கும் இதே ஊசிதானா?" என்று மனைவி நர்ஸிடம் கேட்டாள்.

"இதேதான்க்கா. அவருக்குத் தலையில, அவங்களுக்கு முகத்துல."

"அப்ப எனக்குப் போட்டு மிச்சம் இருந்தா எங்க வீட்டுக்காரர் மண்டையில தடவி விடும்மா. ஊருக்கெல்லாம் முடி வெட்டுறேன், வீட்டுல வெட்டுறதுக்கு ஒண்ணுமே இல்ல."

இளைஞன் வாய்விட்டுச் சிரித்தான்.

"ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தருக்குப் போடமாட்டோம்க்கா. சரி, வலி மாத்திரை எதுவும் போடலையே?"

"வாயில வைக்கல. முதல் அஞ்சு நாள் உயிர் போச்சு. ரெண்டு நாளா என்னன்னு தெரியல, நல்ல தூக்கம். மனசு வச்சா எதையும் தாங்கிடலாம் போலிருக்கு."

பரிசு வாங்கிய பிள்ளையைப் போல் அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். அந்த முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

ரத்தம் எடுத்தார்கள். குழாயை இயந்திரத்துக்குள் வைத்து மூடினார்கள். அது உறுமிச் சுழன்று ஓய்ந்தபோது, குழாயின் அடியில் சிவப்பும் மேலே தெளிந்த மஞ்சளும் தனித்தனியாக நின்றன.

"தங்கம் மாதிரி இருக்கு இல்லங்க? என் உடம்புலயா இதெல்லாம் இருந்துச்சு?"

டாக்டர் முழங்கையைத் துடைத்துவிட்டு ஊசியை எடுத்தார்.

"டாக்டர், போடாதீங்க," என்றார் மெக்கானிக். "மாத்திரை குடுத்திருக்கேன். பால்ல கலந்து. இவளுக்குத் தெரியாது."

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "காய்ச்சல் மாத்திரையா இருந்தா பரவாயில்லன்னு விட்டிருப்பேன். இது ஆகாது. இன்னும் ஏழு நாள், முதல்லேருந்து."

தங்க நீர் குப்பைக்குப் போயிற்று.

அவள் முன்னால் படி இறங்கினாள். கடைசிப் படியில் நின்றாள்.

"கசக்குதுன்னு சொன்னேன்."

"ஆமா."

"இன்னொரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடுத்தீங்க."

"ஆமா."

"நான் என் மனசுதான் கெட்டிப்பட்டுடுச்சுன்னு நினைச்சேன். கடையில எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன்."

இது அவர் யோசிக்காதது. ரத்தத்தை மட்டும்தான் கெடுத்ததாக நினைத்திருந்தார்.

"முதல் அஞ்சு நாள் தாங்கினது நீதானே?" என்றார் மெதுவாக. "அதுல நான் எதையும் கலக்கலையே."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "இப்ப இன்னும் ஏழு நாள் நான் கத்துவேன். நானே கெஞ்சிக் கேட்டாலும் மாத்திரை குடுக்கக்கூடாது. முடியுமா உங்களால?"

டாக்டர் திருப்பித் தந்த அட்டையைப் பார்த்தார். "தெரியல."

"முடியும்னு பொய் சொல்லாம இருந்தீங்களே, அது போதும்."

அவர் கையிலிருந்த அட்டையை வாங்கிக்கொண்டு மறுபடி படியேறினாள். "இந்தாம்மா, இதை நீயே வச்சுக்க. இவர் கையில சிக்கக்கூடாது," என்று அவள் சொல்வதும் நர்ஸ் சிரிப்பதும் கீழேவரை கேட்டன.

பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோரம், அவள் பக்கத்தில். திருப்பத்தில் டிரைவர் சடாரென்று பிரேக் போட, அவள் பழக்கதோஷத்தில் வலது கையால் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துவிட்டாள். "அம்மா!" என்று பாதி பஸ் திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம்.

மெக்கானிக்கின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. பை காலி. அந்தக் கையை எடுத்து அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் கேட்காதவர்போல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கடைகள் எல்லாம் கலங்கிக் கலங்கித் தெரிந்தன.

"பரவாயில்லையே," என்றாள் அவள், வலிக்கு நடுவே. "தேறிடுவீங்க."