திறப்பு விழாவுக்குக் காத்திருந்த இஞ்சின்

காலையில் சங்கத்து ஆபீசைத் திறந்ததும் காளிச்சாமிக்கு முதல் வேலை, மூலையில் நிற்கும் புது இஞ்சினின் மேல் போர்த்திய துண்டை எடுத்து உதறுவது. ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்து, நாலடி தள்ளி நின்று அழகு பார்த்துவிட்டு, மறுபடியும் போர்த்துவார். அதற்கப்புறம்தான் டீ.

படகின் பின்பலகையில் மாட்டி, நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பி ஓட்டுகிற இஞ்சின் அது. சங்கத்தில் ஏற்கெனவே இருந்தது எட்டுக் குதிரைச்சக்தி. இது இருபது. மரச்சட்டத்தில் நிறுத்தி, கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். மந்திரி வந்து வெட்ட வேண்டிய ரிப்பன்.

கேரளத்து மலையில், உடும்பஞ்சோலைக்கு அப்பால், தேயிலைச் சரிவுகளுக்குக் கீழே இருக்கிறது அந்த அணை. எஸ்டேட் பாதி மூடிக் கிடந்தபோது வேலை இழந்த குடும்பங்கள் வலையோடு தண்ணீரில் இறங்கின. அவர்கள் சேர்ந்து வைத்த சங்கம் அது. காளிச்சாமி அதற்குத் தலைவர். கெட்டவர் இல்லை. இந்த இஞ்சினுக்காக எத்தனையோ பஸ் ஏறி இறங்கி, எத்தனையோ ஆபீஸ் வாசலில் நின்று காரியத்தை முடித்தவர் அவர்தான். ஆனால் அவருக்குள் ஒரு ஆசை இருந்தது. தண்ணீர்த் தொட்டி, பஸ் நிறுத்தம், அங்கன்வாடி என்று ஊரில் எதைக் கட்டினாலும் ஒரு கல்வெட்டு வைத்தார்கள். யார் யார் பெயரோ அவற்றில் இருந்தது. தன் பெயர் ஒன்றில்கூட இல்லையே என்று அவருக்குக் குறை. இந்த முறை கல்லுக்குச் சொல்லிவிட்டார். மந்திரியின் பெயருக்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில் அவர் பெயரும் செதுக்கி வந்துவிட்டது. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

அந்தத் தேதிதான் கிடைக்கவில்லை. முதலில் சட்டசபை கூடியது. பிறகு மழை. அப்புறம் மந்திரிக்குக் காலில் சுளுக்கு. இப்படியே ரெண்டு மாசம் ஓடி, ஆடிக்காற்றும் வந்துவிட்டது.

ஆடியில் மத்தியானம் ஆனால் அந்த அணையில் காற்று சீறிக்கொண்டு இறங்கும். பழைய இஞ்சின் அதை எதிர்த்து இழுக்காது. போன மாசம், வலை எடுக்கப் போன சங்கத்து மூத்த ஆள் மொக்கையன் அப்படித்தான் அக்கரையில் மாட்டிக்கொண்டு, ஒரு ராத்திரி முழுக்க மழையில் நனைந்து, காய்ச்சலில் விழுந்து எழுந்தார். அவர் கரை சேர்ந்த மறுநாளே அழகுத்தாய் ஆபீசுக்கு வந்துவிட்டாள். சங்கத்துப் படகை வழக்கமாக ஓட்டுவது அவளும் அவள் புருஷன் வேல்முருகனும்தான்.

"அண்ணே, அந்தப் புது மிஷினக் குடுங்கண்ணே. சும்மாதான நிக்குது?"

"சும்மாவா நிக்குது? உத்காடனத்துக்கு நிக்குதுத்தா. மந்திரி கை படாம தண்ணியில எறக்குனா அவுக என்ன நெனப்பாக? ஒரு வாரம் பொறு."

திறப்பு விழாவுக்கு அந்தப் பக்கத்து மலையாளப் பேச்சில் உத்காடனம் என்று பெயர். அந்த ஒரு வாரத்தை அவர் அதற்குமுன் பலமுறை சொல்லியிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை கொச்சியிலிருந்து கம்பெனி மெக்கானிக் வந்து சேர்ந்தான். பெர்சி என்று பெயர், குளச்சல்காரன். விற்ற இஞ்சினை ஓட்டிப் பார்த்துச் சரி சொல்லிவிட்டுப் போக வேண்டியது அவன் வேலை. காளிச்சாமி தயங்கினார்.

"விழா முடியட்டுமே தம்பி."

"உங்க இஷ்டம் சார். ஆனா ஓட்டிப் பாக்காத இஞ்சின், மந்திரி முன்னால கயித்த இழுக்கும்போது ஸ்டார்ட் ஆகலைன்னா என்னைத் திட்டக்கூடாது."

அது காளிச்சாமியைச் சுட்டது. மைக்கு, மாலை, கூட்டம், நடுவில் செத்தது போல நிற்கும் இஞ்சின். நினைக்கவே வியர்த்தது.

"சரி. ஒரே சுத்து. ரிப்பன அவுக்கக் கூடாது. கீறல் விழக் கூடாது."

அழகுத்தாயை வரச்சொன்னார். அவள் இங்கே வந்துவிட்டதால், வேல்முருகன் மொக்கையனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, பழைய இஞ்சின் பூட்டிய படகில் வலை எடுக்கப் போயிருந்தான். புது இஞ்சினை இன்னொரு ஃபைபர் படகின் பின்பலகையில் வைத்துத் திருகினார்கள். அதன் பாரத்துக்குப் படகின் பின்பக்கம் ஒரு சாண் அமுங்கியது.

"முன்னால ஒரு ஆள் கனம் வேணும். இல்லைன்னா மூக்கத் தூக்கிரும்" என்றான் பெர்சி.

வெள்ளை வேட்டி சட்டையில் இருந்த காளிச்சாமியே ஏறி முன்னால் உட்கார்ந்தார். தலைவரான பிறகு அவர் தண்ணீரில் இறங்கியதே இல்லை. மூன்று பேரும் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டார்கள். இஞ்சினிலிருந்து வந்த சுருள் கயிற்றைப் பெர்சி அழகுத்தாயின் மணிக்கட்டில் மாட்டினான்.

"இத மறக்கவே கூடாதுக்கா. நீங்க தவறித் தண்ணில விழுந்தா இந்தக் கயிறு பிடுங்கி இஞ்சின் நின்னுரும். இல்லைன்னா படகு உங்க மேலயே சுத்தி வரும்."

ஒரே இழுப்பில் இஞ்சின் உயிர் பிடித்தது. அழகுத்தாய் பழைய பழக்கத்தில் பிடியை முறுக்க, படகு குதிரை போல் முன்னங்காலைத் தூக்கியது. காளிச்சாமி இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டார். "மெல்ல, மெல்ல! பழசு இல்லக்கா இது" என்று பெர்சி கத்தினான். அவள் பிடியைத் தளர்த்தி, மறுபடியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். வேகத்தில் திரும்பினால் எவ்வளவு சாய்கிறது, எங்கே பிடியைக் குறைக்க வேண்டும் என்று கைக்குப் பிடிபட ஆரம்பித்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"என்னமா இழுக்குதுண்ணே! காத்த எதுத்தே போகுது பாருங்க!"

காளிச்சாமிக்கும் நெஞ்சு நிறைந்தது. தான் அலைந்து வாங்கிய பொருள் அல்லவா. "சரி, போதும். கரைக்குத் திருப்பு" என்றார்.

அவள் திருப்பவில்லை. அணையின் மேற்குப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று காற்று நேரத்தோடு இறங்கியிருந்தது. அலைகளுக்கு நடுவே ஒரு படகு குறுக்காகக் கிடந்து ஆடியது. ஒருவர் குனிந்து குனிந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் இஞ்சின் கயிற்றை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். படகு நகர்ந்துகொண்டிருந்த திசையில், அணை கட்டியபோது மூழ்கிப்போன காட்டின் மொட்டை மரங்கள் ஈட்டிகளாக நின்றன. அவற்றில் மோதினால் ஃபைபர் படகு கிழிந்துவிடும்.

"அவுகதான்" என்றாள் அழகுத்தாய். படகு மேற்கே திரும்பியது.

காளிச்சாமியின் வாயிலிருந்து அந்த நேரத்தில் வந்த வார்த்தையை அவராலேயே பிற்பாடு நம்ப முடியவில்லை.

"ஏத்தா, நில்லு! கரைக்குப் போயி வேற வள்ளம் அனுப்புவோம். இது இன்னும் உத்காடனம் ஆகாத இஞ்சின்!"

அவள் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"அப்ப உத்காடனம் ஆகுற வரைக்கும் எம் புருசன முங்காம இருக்கச் சொல்லட்டுமாண்ணே?"

அலை ஒன்று முன்பக்கம் மோதி காளிச்சாமியை முழுக்க நனைத்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது, தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது மொக்கையன் என்று தெரிந்தது. காய்ச்சலிலிருந்து இன்னும் முழுசாகத் தேறாத உடம்பு. அந்தக் காய்ச்சல் எதனால் வந்தது என்று காளிச்சாமிக்குத் தெரியும். அன்றைக்கு இந்த இஞ்சின் ஆபீஸ் மூலையில் துண்டு போர்த்திக்கொண்டு நின்றது. அதைக் காலையில் துடைத்து வைத்தது அவருடைய கைதான்.

"விடுத்தா. வேகமா விடு" என்றார்.

அருகே போனதும் அழகுத்தாய் பிடியைக் குறைத்து, காற்றுக்கு எதிர்முகமாகப் படகை நிறுத்திப் பிடித்தாள். பெர்சி பின்பலகையின் இரண்டு மூலையிலும் கயிற்றைக் கட்டி, மறுமுனையை, பின்னால் நகர்ந்து வந்த காளிச்சாமியிடம் தந்தான். அவர் வீசிய முதல் வீச்சு அலையில் விழுந்தது. இரண்டாவதை வேல்முருகன் எட்டிப் பிடித்தான். தொய்ந்தால் இஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ளும் என்று காளிச்சாமி நடுக்கயிற்றைக் கையில் பிடித்திருந்தார். கயிறு விறைத்தபோது அவர் உள்ளங்கையை உரித்துக்கொண்டு போனது. அவர் விடவில்லை, வேல்முருகன் அங்கே முடிச்சுப் போட்டு முடிக்கும் வரைக்கும் விடவில்லை. மொட்டை மரம் ஒன்று, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றது.

"மெதுவாக்கா. கயிறு அறுந்துரக் கூடாது" என்றான் பெர்சி.

இஞ்சின் உறுமியது. கொஞ்ச நேரம் இரண்டு படகுகளும் நின்ற இடத்திலேயே நிற்பது போல இருந்தது. பிறகு மரங்கள் பின்னால் நகர ஆரம்பித்தன. கரை வந்து படகு மண்ணில் உரசிய பிறகுதான் அழகுத்தாய் மணிக்கட்டுக் கயிற்றைக் கழற்றினாள். வேல்முருகன் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

பெர்சி இஞ்சினைத் தொட்டுப் பார்த்தான். "டெஸ்ட் பாஸ் சார். இப்படி ஒரு டெஸ்ட் எங்க கம்பெனியிலயும் பண்ண மாட்டாங்க."

காளிச்சாமி சிரிக்கவில்லை. மொக்கையன் பக்கத்தில் போய் ஈரமண்ணிலேயே உட்கார்ந்தார்.

"மொக்கையண்ணே, போன மாசமே இதக் குடுத்திருந்தா நீங்க அந்த ராத்திரி மழையில கெடந்திருக்க மாட்டீக. எம் பேரு கல்லுல வரணும்னு உங்க உசுரப் பணயம் வச்சுட்டேன். மன்னிச்சுக்கங்க."

மொக்கையன் இருமிக்கொண்டே அவர் தோளைத் தட்டினார். "நீ அலைஞ்சு வாங்கலேன்னா இன்னைக்கு இழுக்க இஞ்சினே இல்லியேப்பா. விடு. சூடா ஒரு கட்டஞ்சாயா வாங்கிக் குடு, போதும்."

மறுநாள் விடிந்ததும் புது இஞ்சின் வலைப்படகில் ஏறியது. பழையதைப் பிரித்துச் சரிசெய்யப் பெர்சியே ஒரு நாள் கூடத் தங்கினான். மத்தியானக் காற்று வழக்கம்போல வந்தது. அழகுத்தாய் கட்லாவும் ஜிலேபி மீனுமாக அதை எதிர்த்துக் கரை சேர்ந்தாள். மீன் துள்ளிக்கொண்டிருந்தது. வாங்க வந்த வண்டிக்காரர், ஆடியில் இந்த அணையில் உயிர்மீனா என்று கேட்டுச் சிரித்தார்.

புதன்கிழமை மீன்துறை ஆபீசிலிருந்து சிஞ்சு மேடம் போன் செய்தார். மலையாளத்துத் தமிழில் அவர் குரல் உற்சாகமாக இருந்தது.

"பிரசிடெண்டே, கடைசியில டேட் கிட்டி! வர்ற திங்களாழ்ச்ச மந்திரி வராரு. இஞ்சின் ரெடியல்லே?"

காளிச்சாமி தண்ணீரைப் பார்த்தார். தூரத்தில் படகு வெள்ளைக் கோடு கிழித்துக்கொண்டு போனது.

"அது வேலைக்குப் போயிருச்சு மேடம்."

"போயோ? அப்ப ஆரு உத்காடனம் செஞ்சது?"

"ரெண்டு பேரு முங்கப் போனாக. அவுகளக் கரைக்கு இழுத்துட்டு வந்துச்சு. அதுதான் உத்காடனம்."

"மந்திரி ஆபீசுல ஞான் என்ன பறையும்?" என்று கேட்டார் சிஞ்சு.

கோபம் எதுவும் இல்லாமல், நிதானமாகச் சொன்னார் காளிச்சாமி. "உள்ளதச் சொல்லுங்க மேடம். சனங்களுக்குன்னு வாங்குன பொருளு, வந்த அன்னைக்கே சனங்க கைக்குப் போயிரணும். ரிப்பனுக்காகப் பூட்டி வச்சா அது கெடுதல். அந்தக் கெடுதல நானே செஞ்சேன், இனிமே செய்ய மாட்டேன். மந்திரி தாராளமா வரட்டும், அவுகளுக்கு நல்ல மீன்கொழம்பு வைக்கிறோம். ஆனா வர்ற நேரத்துக்கு எங்க ஆளுக வலை எடுக்கப் போயிருந்தாக்க, படகு திரும்பற வரைக்கும் கரையில அவுகதான் கொஞ்சம் காத்திருக்கணும்."